நடுநிலைப் பள்ளியில் மன்றங்கள்: எத்தனை, எவை, யாருக்காக?

கேள்வி: சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இந்த ஆண்டு பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். ஆறு முதல் எட்டு வரை எழுபது பிள்ளைகள். அந்த வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். மன்றங்கள் அனைத்தையும் தலைமை ஆசிரியர் என் பொறுப்பில் விட்டுவிட்டார். இலக்கியம், கணிதம், அறிவியல், சுற்றுச்சூழல், வினாடி வினா, திரைப்படம், இளஞ்செஞ்சிலுவை, சாரணர் என்று பட்டியல் நீள்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலின் கடைசி இரண்டு பாடவேளைகள் மட்டுமே கிடைக்கும். எத்தனை மன்றங்களை, எவற்றை, எப்படித் தொடங்குவது? ‘இதெல்லாம் எதுக்கு டீச்சர், படிப்பு கெட்டுரும்’ என்று சொல்லும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதே என் விடை. எழுபது பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் உள்ள பள்ளியில் எட்டு மன்றங்களைத் தொடங்கினால் எட்டுப் பதிவேடுகள் நிரம்பும். மன்றம் என்று ஒன்று நடக்காது. அந்த மூன்று எவை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், மன்றம் யாருக்காக நடத்தப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் பள்ளிகளில் மன்றங்கள் பெயரளவில் நின்றுபோவதற்கு நேரக் குறைவையும் பணக் குறைவையும் விட இந்தத் தெளிவு இல்லாமையே பெரிய காரணம் என்பது, இதே வட்டாரத்து ஒன்றியப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் எண்ணம்.

உங்கள் பள்ளியிலும் நான்கைந்து பிள்ளைகள் இருப்பார்கள். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடுபவர்களும், சுதந்திர தினத்தன்று பேசுபவர்களும், வினாடி வினாவுக்குப் போகிறவர்களும், கலைத் திருவிழாவில் மேடை ஏறுகிறவர்களும் அவர்களே. மீதிப் பேர் கை தட்டுகிறார்கள். போட்டி என்றால் அப்படித்தான் இருக்கும். சிறந்தவரைப் பொறுக்கி மேலே அனுப்புவதுதான் அதன் வேலை. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட கலைத் திருவிழாவில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பள்ளியில் தொடங்கி மாநில அளவு வரை அது செல்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மன்றத்தின் வேலை அதற்கு நேர் மாறானது. பொறுக்கப்படாத பிள்ளைக்கு வாரந்தோறும் ஒரு வேலையும், அந்த வேலையின் காரணமாகக் கூட்டத்தில் ஓர் இடமும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மன்றம் இருக்கிறது. போட்டிக்கு ஆள் பிடிக்கும் இடமாக அதை ஆக்கிவிட்டால், அந்த நான்கைந்து பிள்ளைகளுக்கே இன்னொரு மேடை கிடைக்கும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமையும் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வயதில் இது ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்றால், ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியரின் பாராட்டுக்காக எதையும் செய்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் கூட்டாளிகளின் மதிப்பைத் தேடத் தொடங்குகிறது. தனக்கு எது வரும், எது வராது என்று தானே முடிவு கட்டிக்கொள்ளும் காலமும் இதுதான். ‘எனக்குப் பாட வராது’, ‘எனக்குக் கணக்கு ஏறாது’ என்று பன்னிரண்டு வயதில் எடுத்த முடிவை நாற்பது வயது வரை சுமப்பவர்களை நாம் ஊரிலேயே பார்க்கிறோம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் உங்கள் பள்ளியை விட்டுப் பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைப் பற்றிய பேச்சு ஒன்பதிலேயே தொடங்கிவிடும். ஆகவே உங்கள் கையில் இருப்பவை மூன்று ஆண்டுகள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஏழாம் வகுப்பிலோ எட்டிலோ வயதுக்கு வந்ததும், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் எந்தப் பயிற்சிக்கும் வீட்டில் அனுப்பத் தயங்குவார்கள்.

இதனால் மன்றம் முழுவதும் பள்ளி நேரத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிட வேண்டும் என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ‘வீட்டில் செய்து கொண்டு வா’ என்று எந்த வேலையையும் கொடுக்காதீர்கள். உங்கள் சுற்று வட்டாரத்தில் பல வீடுகளில் தாய்மார்கள் பீடி சுற்றுகிறார்கள். மாலையில் இலை வெட்டவும் கட்டவும் பிள்ளைகள் துணைக்கு உட்காருகிறார்கள். வீட்டு வேலையாகத் தரப்படும் மன்றப் பணியை, வீட்டில் ஓய்வும் பணமும் உள்ள பிள்ளை அழகாக முடித்துக் கொண்டுவரும். மற்றப் பிள்ளை, ‘மறந்துவிட்டேன்’ என்று பொய் சொல்லி நிற்கும். எந்தப் பிள்ளைக்காக மன்றத்தைத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளைதான் அங்கே முதலில் தலை குனியும்.

குழு அமைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் இதை மேலோட்டமாகக் கடந்துபோக முடியாது. ‘நண்பர்களாகச் சேர்ந்து குழு அமைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் பிள்ளைகள் தெருவாரியாகச் சேருவார்கள். தெரு என்றால் நம் ஊர்களில் என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதி வெறியால் மாணவர்களே சக மாணவரை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறு முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்பது உட்படப் பல பரிந்துரைகளைச் செய்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது தேவைதான். ஆனால் அவிழ்த்த பிறகு அந்தக் கைகள் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். வகுப்பறையில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்களே ஒழிய, ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாது என்ற நிலை அங்கே வருவதில்லை. மன்றத்தில் அந்த நிலையை உண்டாக்க முடியும்.

எனவே குழுக்களைச் சீட்டுக் குலுக்கி அமையுங்கள். அதுவும் பிள்ளைகள் கண் முன்னாலேயே, ஒரு பிள்ளையை விட்டே சீட்டை எடுக்கச் செய்து. குழு ஒன்றுக்கு ஏழெட்டுப் பேர் போதும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலேயே சிறுவர்களைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அந்த அணி முறைதான் இன்றும் சாரணர் இயக்கத்தின் முதுகெலும்பு. பத்துப் பேரைத் தாண்டினால் இரண்டு பேர் செய்ய, எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒவ்வொரு குழுவிலும் கலந்திருக்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் குழுத் திட்டமான மகிழ் முற்றத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைப் பிரித்திருப்பீர்கள். அந்தப் பிரிவையே இங்கும் பயன்படுத்திக்கொண்டால் புதிதாக ஒரு பிரிவினை தேவைப்படாது என்று தோன்றலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே புள்ளிக்காகக் குழுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வெள்ளிக்கிழமையாவது புள்ளி இல்லாமல் இருக்கட்டும்.

இனி மூன்று மன்றங்கள். என் தேர்வு: இயற்கை மன்றம், வில்லுப்பாட்டு மன்றம், செய்முறை மன்றம். மூன்றிலும் பொருள் உங்கள் ஊரிலேயே, பள்ளியிலிருந்து நடக்கும் தொலைவில் கிடைக்கிறது என்பது முதல் காரணம். சொந்த மண்ணைப் பற்றிய வேலையில் ஆசிரியருக்குத் தெரியாத பலவும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இயற்கை மன்றத்தை மரம் நடும் விழாவோடு முடித்துவிடாதீர்கள். நட்ட கன்றுக்குக் கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் அது பட்டுப்போவதையும், அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்றை நட்டுப் படம் எடுப்பதையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, கவனித்து எழுதுவதை மன்றத்தின் வேலையாக்குங்கள். உங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மேலிருந்து மூன்றாவதான கன்னடியன் அணைக்கட்டில் பிரியும் தண்ணீர், உங்கள் குளத்துக்கு என்றைக்கு வந்து சேர்கிறது, எந்த மடை முதலில் திறக்கிறது, குளம் எப்போது நிறைகிறது, எப்போது தரை தெரிகிறது என்பதை ஓர் ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் குறித்து வைத்தால், அதைப் போன்ற ஒரு புவியியல் பாடத்தை எந்தப் புத்தகத்திலும் காண முடியாது. ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருவது மேற்கு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். அடுத்த நெற்பருவமான பிசானத்தைக் காப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்கு மழை. இரண்டு மழைகளின் வேறுபாட்டைப் பாடத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளை, குளத்துப் படிக்கல்லில் நீர்மட்டத்தைக் குறித்து வந்தால் அதைக் கண்ணாலேயே பார்த்துவிடும்.

குளம் நிறைந்தால் பறவைகள் வரும். மடையான், உண்ணிக்கொக்கு, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், முக்குளிப்பான், மீன்கொத்தி ஆகியவற்றில் தொடங்கலாம். பாதிப் பெயர்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், வேறு பெயரில் தெரிந்திருந்தால் அந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் பார்க்க, ஒருவர் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் இடத்தின் படம் வரைய என்று வேலைகளைப் பகிர்ந்து கொடுத்து, வாரத்துக்கு வாரம் வேலையை மாற்றிக்கொண்டே வர வேண்டும். சத்தமாகப் பேசத் தயங்கும் பிள்ளைகளில் பலர் மிகக் கூர்மையாகப் பார்க்கிறவர்களாக இருப்பதை நீங்களே காண்பீர்கள். ஒரே ஒரு தொலைநோக்கி போதும். அது இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

இப்படிப் பழகிய பிள்ளைகளுக்கு ஜனவரியில் உண்மையான வேலை காத்திருக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும், ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம், 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் அதில் கலந்துகொள்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததைப் பட்டியலிட்டு இணையத்தில் ஏற்றினால் போதும். பள்ளிக்கூட முகப்பிலிருந்தே அதைச் செய்யலாம். விடுமுறை நாள் என்பதால் வர முடிந்தவர்கள் வந்தால் போதும், கட்டாயமாக்க வேண்டாம். தாங்கள் எண்ணிய எண்ணிக்கை வெளியே யாருக்கோ பயன்படுகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளின் நடையே மாறிவிடும். சான்றிதழ் எதற்கும் அந்த ஆற்றல் கிடையாது.

ஆண்டுக்கு ஒரு பயணம் என்றால் அது நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளமாக இருக்கட்டும். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில், மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகள் கலையக் கூடாது என்று ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சட்டம் காப்பதற்கு முன்பே ஓர் ஊர் தானாகக் காத்த பறவைகள் அவை என்பதைப் பிள்ளைகள் அந்த ஊர்ப் பெரியவர்கள் வாயால் கேட்கட்டும்.

ஒரு கண்டிப்பு. குளக்கரையோடும் கால்வாய்க் கரையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆற்றில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை இறக்காதீர்கள். நேற்று முழங்கால் அளவு இருந்த இடத்தில் இன்று கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கும். மணல் அள்ளிய குழிகள் வெளியே தெரிவதில்லை. ‘எனக்கு நீச்சல் தெரியும் டீச்சர்’ என்று சொல்லும் பையன்தான் மற்றவர்களை இழுத்துக்கொண்டு இறங்குவான். பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவும், தலைமை ஆசிரியரின் அனுமதியும், ஒரு குழுவுக்கு ஒரு பெரியவரும் இல்லாமல் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது. ஆசிரியர்கள் போதாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்களை அழையுங்கள். அவர்களில் களையெடுக்கப் போகிறவர்களுக்கு உங்களைவிட அதிகமான பறவைகளைத் தெரியும்.

இரண்டாவது, வில்லுப்பாட்டு. இலக்கிய மன்றத்தை இப்படி நடத்தலாம் என்கிறேன். வழக்கமான இலக்கிய மன்றத்தில் என்ன நடக்கிறது? ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சை ஒரு பிள்ளை ஒப்பிக்கும், இன்னொரு பிள்ளை வரவேற்புரை சொல்லும், மற்றொன்று நன்றியுரை. கேட்பவர்களுக்கு அதில் எந்த வேலையும் கிடையாது. வில்லுப்பாட்டு அப்படிப்பட்டதன்று. மணிகள் கட்டிய நீண்ட வில்லை மண் குடத்தின் மீது சார்த்தி வைத்து, தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணை அடித்துக் கதை சொல்ல, குடம் அடிக்க ஒருவர், உடுக்கைக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர், பின்பாட்டுக்கு இருவர் என்று ஒரு குழு முழுவதும் மேடையில் இருக்கிறது. ஒவ்வொரு வரி முடிவிலும் ‘ஆமா’ என்று ஏற்றுச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கதை நகராது. குரல் இல்லாத பிள்ளைக்கும், திக்கித் திக்கிப் பேசும் பிள்ளைக்கும், தாளம் மட்டும் கையில் பிடிபட்ட பிள்ளைக்கும் அதில் உண்மையான பங்கு உண்டு. திக்குவாய் உள்ள பிள்ளைகள் பாட்டில் தங்குதடையின்றி வருவதை ஆசிரியர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். என் கணக்கில், கூட்டத்தையே மேடையாக்கும் இந்தக் கலையைவிடப் பன்னிரண்டு வயதுக்குப் பொருத்தமான இலக்கியப் பயிற்சி வேறு இல்லை.

நெல்லைச் சீமைக்கும் குமரிக்கும் சொந்தமான இந்தக் கலையை நாடு முழுவதும் எடுத்துச் சென்ற சுப்பு ஆறுமுகம், 1928-இல் திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். கோயில் கொடை விழாவில் தெய்வக் கதை பாடுவதற்கென்றே வழங்கிவந்த வில்லில் காந்தியின் கதையையும் நாட்டு நடப்பையும் பாட முடியும் என்று காட்டியவர் அவர். அதே வழியில் நீங்களும் பாடுபொருளைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வில் எச்சரிக்கை வேண்டும். கொடையில் பாடப்படும் கதைகள் பலவற்றில் கொலையும் பழியும் சாதியும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு தெருவின் வீரன் இன்னொரு தெருவின் பகைவனாக இருப்பான். அவற்றை ஆராய்வதற்குப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. நடுநிலைப் பள்ளி மேடை அதற்கான இடமன்று. கன்னடியன் கால்வாய் வெட்டப்பட்ட கதையை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் விதவிதமாகச் சொல்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து, ஒன்றுக்கொன்று முரண்படும் கதைகளை வெள்ளிக்கிழமை ஒப்பிட்டு, எதைப் பாடுவது என்று தாங்களே வழக்காடி முடிவு செய்யட்டும். எழுதுவதும் திருத்துவதும் மெட்டுக்கு அடக்குவதும் அங்கேயே நடந்துவிடும். நன்றாக அமைந்த பகுதியைக் கையெழுத்து இதழில் சேர்க்கலாம். பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக வெளியிடும் தேன்சிட்டு இதழுக்கும் அனுப்பிப் பார்க்கலாம்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. குடத்தைக் காருகுறிச்சி வேளாரிடம் சொல்லிச் செய்து வாங்குங்கள். வில்லை வளைக்க ஊரில் ஓர் ஆசாரி இருப்பார். முதல் சில வாரங்களுக்கு ஒரு வில்லிசைக் கலைஞரை அழைத்து வந்து கற்றுத் தரச் சொல்வது நல்லது. அவருக்கு உரிய சன்மானத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முறையாகக் கொடுங்கள். கலைஞர்கள் பள்ளிக்கு இலவசமாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். பிள்ளைகளில் யாருக்கேனும் பாட்டிலோ நடனத்திலோ ஓவியத்திலோ மேலே கற்கும் ஆவல் வந்தால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் திருநெல்வேலியில் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரை சேரலாம், வகுப்புகள் விடுமுறை நாள்களில் நடக்கின்றன.

செய்முறை மன்றத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அடித்தளம் முன்பே இருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், உங்களைப் போன்ற பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்காகவே உருவான அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டம். அதன் கருத்தாளர்கள் கருவிகளோடு பள்ளிக்கு வருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் அவர்கள் செய்து காட்ட, பிள்ளைகள் பார்ப்பதோடு விடாமல், அதே சோதனையை அடுத்த வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்து காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மன்றம் நடந்துவிடும். இதோடு ஊர்த் தொழில்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தமடையில் மெல்லிய பாய்க்கான கோரையை ஏன் நாள்கணக்கில் ஓடும் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள், ஊறாத கோரையைக் கிழித்தால் என்ன ஆகிறது, காருகுறிச்சிச் சூளையில் எல்லாப் பானைகளும் ஏன் ஒரே நிறத்தில் வருவதில்லை என்பவை எல்லாம் அறிவியல் கேள்விகளே. அந்தத் தொழில் நடக்கும் வீட்டுப் பிள்ளை அன்றைக்கு ஆசிரியர் ஆகிவிடுகிறது. இதைத்தான் நான் நாடுகிறேன். மாணவர்களின் புதிய அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி ஒன்றிலிருந்து ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம், தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மன்றத்தில் தானாக முளைத்த யோசனை இருந்தால் அனுப்புங்கள், விருதுக்கென்று ஆசிரியரே யோசித்து எழுதித் தர வேண்டாம். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயலாமல், ஒரு காட்சிக்கூடத்தில் அரை நாள் விளையாட விடுவது மேல்.

விளையாட்டை மன்றங்களோடு போட்டி போட வைக்காதீர்கள். அதற்கு உடற்கல்விப் பாடவேளை இருக்கிறது. குறுவட்டப் போட்டிக்கு 14 வயதுக்கு உட்பட்ட அணியைத் தயார் செய்யும் வேலை ஆறேழு பேருக்கானது. மற்ற எல்லாருக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, கிளித்தட்டு போதும். சுண்ணாம்புக் கோடு மட்டும் தேவைப்படும், இரண்டு அணியாக நின்றால் ஒருவரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. மைதானம் முழுவதையும் பையன்களின் கிரிக்கெட் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மட்டும் ஆசிரியரின் பொறுப்பு.

நடத்தும் முறையில் சில. முதல் மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் எல்லாப் பிள்ளைகளும் மூன்று மன்றங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். நான்காம் வாரம் தங்களுக்குப் பிடித்ததை மடித்த சீட்டில் எழுதித் தரட்டும். மதிப்பெண்ணைப் பார்த்து ஒதுக்காதீர்கள். ‘அறிவாளிகள் அறிவியலுக்கு, மற்றவர்கள் பாட்டுக்கு’ என்ற எண்ணம் ஆசிரியர்களிடமே உண்டு. அரையாண்டுக்குப் பிறகு மாற விரும்பினால் ஒரு முறை மாற விடுங்கள். மன்றத்துக்குள் குழுக்களைத்தான் குலுக்க வேண்டுமே தவிர, மன்றத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உரிமை. குழுத் தலைவர் பொறுப்பு பருவத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். வகுப்புத் தலைவராக இருப்பவருக்கு அது முதல் பருவத்தில் வேண்டாம். கூட்டக் குறிப்பை ஒரு பிள்ளையே எழுதட்டும், எழுத்துப் பிழையோடு. நீங்கள் திருத்திய குறிப்பேடு ஆய்வு அலுவலருக்கு அழகாக இருக்கும். அடுத்த வாரம் எழுத எந்தப் பிள்ளையும் முன்வராது.

மன்றம் நடக்கும்போது ஆசிரியர் பேசாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. அமைதி குலைந்தால் தலைமை ஆசிரியர் என்ன நினைப்பாரோ என்று நமக்குப் பதற்றம் வரும். ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் ஏதாவது ஒன்றை வெளியாருக்குக் காட்ட வேண்டும் என்ற கெடு மட்டும் இருந்தால், சத்தத்துக்கு நடுவிலும் வேலை நடக்கும். குளத்தின் ஆண்டுக் குறிப்பு, அரை மணி நேர வில்லுப்பாட்டு, கீழ் வகுப்புக்குச் செய்முறை விளக்கம் ஆகியவை போதுமான கெடுக்கள். அந்த நிகழ்ச்சியில் ஒரு பிள்ளைகூடப் பார்வையாளர் வரிசையில் இருக்கக் கூடாது.

பெற்றோரிடம் வாதம் செய்து பயனில்லை. ‘படிப்பு கெட்டுரும்’ என்று சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. தன் பிள்ளையாவது பீடித் தட்டைத் தொடாமல் பிழைக்க வேண்டும் என்ற கவலையில் சொல்கிறார். வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு மேல் போகாது, பணம் கேட்க மாட்டோம், மாலையில் நிறுத்த மாட்டோம் என்று மூன்று உறுதிகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்; அவற்றை ஒரு முறைகூட மீறாதீர்கள். பருவ இறுதி நிகழ்ச்சியை அந்தக் கூட்டம் நடக்கும் நாளிலேயே வைத்துக்கொண்டால், ஒரு நாள் கூலியை இரண்டு முறை இழக்கும் நிலை அவர்களுக்கு வராது. வகுப்பில் வாயே திறக்காத தன் மகள் குடம் அடிப்பதைப் பார்த்த தாய்க்கு அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது. ‘இதனால் மார்க் கூடும்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். கூடலாம், கூடாமலும் போகலாம், அதற்காக இதை நாம் செய்யவில்லை.

தலைமை ஆசிரியரின் பட்டியலுக்கு வருகிறேன். அவரோடு முரண்பட வேண்டியதில்லை. இயற்கை மன்றத்தின் குறிப்பேடே சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் தேசிய பசுமைப் படைக்கும் பதிவாகும். வில்லுப்பாட்டு இலக்கிய மன்றமாகும். செய்முறை மன்றம் வானவில் மன்றத்தையும் அறிவியல், கணித மன்றங்களையும் தாங்கிக்கொள்ளும். சிறார் திரைப்படத்தை மாதம் ஒரு முறை எல்லாருக்கும் பொதுவாகத் திரையிட்டு, படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேச விடுங்கள். பேசாவிட்டால் அது பொழுதுபோக்கு மட்டுமே. வினாடி வினாவுக்கு மூன்று மன்றங்களும் தங்கள் வேலையிலிருந்து கேள்வி தயாரித்து மற்றவர்களைக் கேட்கலாம். இளஞ்செஞ்சிலுவையின் பாடத்தையும் பொதுவாகவே வைத்துக்கொண்டு, நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போவது, பாம்பு கடித்தால் கட்டுப் போடாமலும் கீறாமலும் ஆளை அசையவிடாமல் 108-ஐ அழைப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலப்பது ஆகியவற்றைப் பருவத்துக்கு ஒரு முறை எழுபது பேருக்கும் செய்து காட்டிப் பழக்குங்கள். வயல் சூழ்ந்த ஊரில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை. சாரணர் இயக்கத்துக்கு முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். உங்களில் ஒருவர் அந்தப் பயிற்சியை முடித்து வந்த பிறகு, அடுத்த ஆண்டு அதைத் தொடங்கலாம்.